தொப்பி போட்ட காவல்காரன்

1756-ஆம் ஆண்டின் முதல் நாள். பெரிய நிக்கோபார் தீவின் கரையில் டென்மார்க்கின் கொடி ஏறியது. தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறி வந்த டேனிஷ்காரர்கள், தங்கள் மன்னர் ஐந்தாம் ஃபிரெடரிக்கின் பெயரை அந்தத் தீவுக் கூட்டத்துக்குச் சூட்டி, இனி இது எங்கள் மண் என்று அறிவித்தார்கள். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பு ராஜேந்திர சோழனின் கப்பற்படை போய்வந்த கடல் அது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, அவன் வென்ற இடங்களின் பட்டியலில் மாநக்கவாரம் என்று இந்தத் தீவுகளையும் சேர்த்திருந்தது. மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல்கள் இளைப்பாறவும், தண்ணீரும் தேங்காயும் ஏற்றிக்கொள்ளவும் வாகான இடம். தோட்டம் போடலாம், வாணிபம் பெருக்கலாம், திருச்சபையும் அமைக்கலாம். தரங்கம்பாடியில் உட்கார்ந்து போட்ட கணக்கில் எல்லாம் சரியாகவே வந்தது. கணக்கில் வராத ஒன்று மட்டும் காட்டோரச் சதுப்பில் காத்திருந்தது.

முதலில் குளிர் எடுத்தது. வெயில் கொளுத்தும் தீவில் மனிதர்கள் பல் கிட்டிப்போய் நடுங்கினார்கள். பிறகு உடம்பு அனலாகக் கொதித்தது. பிறகு வியர்த்துக் கொட்டியது. விட்டுவிட்டது என்று எழுந்து நடந்தவர்களை இரண்டு நாள் கழித்து மறுபடி வந்து சாய்த்தது. புதைப்பவர்களே அடுத்துப் புதைக்கப்பட்டார்கள். பெரிய நிக்கோபார் வேண்டாம் என்று 1760-ல் வடக்கே கமோர்ட்டா தீவுக்குக் குடியிருப்பை மாற்றினார்கள். கமோர்ட்டாவுக்கும் நான்கவுரித் தீவுக்கும் நடுவே இயற்கையே கட்டிக்கொடுத்த அருமையான துறைமுகம் இருந்தது. காய்ச்சலும் அங்கே இருந்தது.

அழுகும் இலைகளிலிருந்தும் சேற்றிலிருந்தும் கிளம்பும் கெட்ட காற்றுதான் காரணம் என்று அக்காலத்து ஐரோப்பிய வைத்தியம் நம்பியது. காட்டை வெட்டினால் காற்று சுத்தமாகும், காற்று சுத்தமானால் காய்ச்சல் போகும் என்பது அதன் தர்க்கம். வெட்டப் போனவர்களே காய்ச்சலில் விழுந்தார்கள். அந்தத் துறைமுகத்தைச் சுற்றிக் குடிசை போட்டுத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நிக்கோபாரிகளுக்கும் காய்ச்சல் உண்டு, சாவும் உண்டு. ஆனால் எதிரி யார் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

எதிரியின் பெயர் ஈவி. கண்ணுக்குத் தெரியாத ஆவி. செத்தவர்களின் ஆவியாகவும் இருக்கலாம், காட்டின் ஆவியாகவும் இருக்கலாம். ஒருவர் படுத்துவிட்டால் மென்லுவானாவுக்கு ஆள் போகும். மென்லுவானா என்பவர் வைத்தியரும் மந்திரவாதியும் சேர்ந்த ஒருவர். அவர் வந்து நோயாளியைப் பார்ப்பார், இரவெல்லாம் பாடுவார், ஆவியோடு மல்லுக்கு நிற்பார். பிடிபட்ட ஆவிகளை இலைகளால் அலங்கரித்த தெப்பத்தில் ஏற்றிக் கடலுக்குள் தள்ளிவிடுவதும் உண்டு. அந்தத் தெப்பம் காற்றடித்துப் பக்கத்து ஊர்க் கரையில் ஒதுங்கினால் போச்சு. பேயை எங்கள் தலையில் கட்டிவிட்டீர்களே என்று இரண்டு ஊருக்கும் கம்புச் சண்டை நடக்கும். ஆனால் விரட்டிய ஆவி திரும்பி வராமல் தடுப்பது எப்படி? அங்கேதான் உளி வேலைக்கு வந்தது.

மென்லுவானாவின் சொற்படி லேசான மரத்தில் ஓர் உருவம் செதுக்கப்பட்டது. பெயர் கரெயவ். சில கையளவு, சில ஆளுயரம். கையை ஓங்கியபடி, முழங்காலைச் சற்றே மடக்கி, அடுத்த நொடி பாய்ந்துவிடுவேன் என்பதுபோல் நிற்கும். கண்ணுக்குச் சிப்பி பதிப்பார்கள். இருட்டில் விளக்கு வெளிச்சம் பட்டால் பளிச்சென்று முறைக்கும். வாய் பிளந்திருக்கும், பல் தெரியும். சிலவற்றின் கையில் ஈட்டி. வீட்டுக்குள்ளோ வாசலிலோ நிறுத்தப்பட்ட அதன் வேலை ஒன்றே ஒன்று: வருகிற ஈவியை மிரட்டுவது. மனித உருவம் போதாதென்று முதலை, மீன், பறவை, பாதி மனிதன் பாதி மீன் எனச் செதுக்கியவையும் உண்டு. கூடவே இன்னொரு வகை ஆயுதமும் தயாரானது.

அதன் பெயர் ஹெந்தா. பாக்குமட்டையை விரித்துத் தட்டையாக்கி, அல்லது பலகையை எடுத்து, அதில் அடுக்கடுக்காகப் படம் வரைவார்கள். மேலே சூரியனும் சந்திரனும். அவற்றுக்கு நடுவே தெயுசே என்னும் படைப்புக் கடவுள். போர்த்துகீசிய மாலுமிகள் விட்டுப்போன பெயர் அது. அதற்குக் கீழே வீடு, தோணி, ஈட்டி, பன்றி, கோழி, ஆடும் மனிதர்கள். அடியில் கடலும் மீனும் முதலையும் கடற்கன்னியும். நல்ல ஆவியை மகிழ்விக்கவும் கெட்ட ஆவியைக் கலங்கடிக்கவும் ஓர் உலகத்தையே பாக்குமட்டையில் விரித்து நோயாளியின் வீட்டில் தொங்கவிட்டார்கள். படம் அழகாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. பலித்ததா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு ஈவிரக்கமற்ற ஒரு விதி இருந்தது. நோயாளி எழுந்து நடந்துவிட்டால், அந்த உருவத்துக்கும் படத்துக்கும் வீட்டில் நிரந்தர இடம். நோயாளி செத்துவிட்டால், வேலை செய்யாத காவல்காரன் காட்டில் வீசப்படுவான். வென்றவன் வீட்டுக்குள், தோற்றவன் வெளியே. அந்தத் தீவுகளில் தினசரி வாழ்க்கையின் ஒரு பகுதியாக இருந்த இந்த வழக்கம், உலகத்தின் மறுகோடியில் உள்ள கண்ணாடிப் பெட்டிகளின் தலையெழுத்தை ஒருநாள் தீர்மானிக்கப் போகிறது. அதற்கு முன் இன்னும் பலர் சாக வேண்டியிருந்தது.

டேனிஷ் அரசு அழைத்ததன்பேரில் மொராவிய சபையைச் சேர்ந்த ஜெர்மானியச் சகோதரர்கள் 1760-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். வந்தது நிக்கோபாருக்குப் போக. போவதற்கோ அங்கே நிலைத்த குடியிருப்பு இல்லை, கப்பலும் இல்லை. சீகன்பால்கு காலம் முதல் தரங்கம்பாடியில் ஊன்றியிருந்த லுத்தரன் மிஷனரிகளுக்கு இந்தப் புதியவர்களைப் பிடிக்கவும் இல்லை. பொறையாருக்குப் பக்கத்தில் தோட்டம் ஒன்றை வாங்கி, வீடு கட்டி, பயிர் வைத்து, கைத்தொழில் செய்து பிழைத்தார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, எட்டு வருடம் காத்திருந்தார்கள். 1768-ல் ஒருவழியாகக் கப்பல் கிடைத்தது. அந்தக் கப்பல் கிடைக்காமலே போயிருக்கலாம் என்று எண்ணும்படி ஆனது அடுத்து நடந்தது.

நான்கவுரியில் அவர்கள் கட்டிய வீட்டுக்குப் பக்கத்திலேயே கல்லறைகளும் வளர்ந்தன. பத்தொன்பது வருடத்தில் 11 பேர் தீவு மண்ணில் புதைந்தார்கள். நோயோடு தரங்கம்பாடிக்குத் திரும்பி அங்கே செத்தவர்கள் 13 பேர். மொழி வசப்படவில்லை, மதம் மாறியவர் ஒருவரும் இல்லை. 1779-ல் வந்து சேர்ந்த யோஹான் காட்ஃப்ரீட் ஹென்சலையும் காய்ச்சல் பிடித்தது. அவர் மட்டும் எப்படியோ தப்பினார். 1787-ல் மிஷனை மூடிவிட்டுக் கிளம்பினார்கள். 1812-ல் அவர் எழுதிய கடிதங்கள் லண்டனில் புத்தகமானபோது, அட்டையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் போடப்பட்ட அடைமொழி, உயிரோடு எஞ்சிய ஒரே மிஷனரி என்பது.

அந்த ஹென்சல் ஆன்மாக்களைச் சேர்க்க முடியாமல் போனாலும் வேறொன்றைச் சேர்த்தார். கடற்கரை நெடுக அலைந்து சங்கு, சிப்பி பொறுக்கினார். பாம்பு பிடித்துப் பதப்படுத்தினார். அவற்றை விற்ற காசு மிஷன் செலவுக்கு உதவியது. தீவில் சும்மா கிடக்கும் பொருளுக்கு வெளியே காசு கொடுக்க ஆள் இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துபோனது. ஆனால் காசோடு வரக்கூடியவர்கள் இன்னும் நாடு பிடிக்கும் ஆசையிலேயே இருந்தார்கள்.

அடுத்து வந்தது ஆஸ்திரியா. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிலிருந்து விரட்டப்பட்ட வில்லியம் போல்ட்ஸ் என்ற வணிகர், பழிவாங்கும் வேகத்தில் மகாராணி மரியா தெரேசாவிடம் போய் அனுமதிப் பத்திரம் வாங்கினார். அவர் அனுப்பிய கப்பல் 1778-ல் நான்கவுரி வட்டாரத் தீவுகளில் ஆஸ்திரியக் கொடியை நட்டது. காட்ஃப்ரீட் ஸ்டால் என்பவரையும் ஒரு சிறு கூட்டத்தையும் விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. 1783-ல் ஸ்டால் இறந்தார். எஞ்சியவர்கள் மூட்டை கட்டினார்கள். மறுபடியும் டென்மார்க் ஒரு சிறு காவற்படையை அனுப்பியது, அதுவும் நிலைக்கவில்லை. 1831-ல் பாதிரியார் ரோசன் கமோர்ட்டாவில் புதுக் குடியிருப்பு போட்டுப் பார்த்தார். 1834-ல் அவரும் திரும்பிவிட்டார். இத்தனை பேர் வந்து போனதில் தீவுக்கு மிஞ்சியது என்ன? மிஞ்சியதை மென்லுவானா கவனித்துக்கொண்டிருந்தார்.

தேங்காய் வாங்க வரும் கப்பல்கள் இரும்பும் துணியும் புகையிலையும் சாராயமும் கொடுத்தன. கூடவே பழைய கோட்டு, உயரமான கறுப்புத் தொப்பி, நாற்காலி, கண்ணாடி, கடிகாரம். ஊர்த் தலைவர்கள் கேப்டன் என்று பட்டம் சூட்டிக்கொண்டு, இடுப்புத் துணிக்கு மேல் ஐரோப்பியத் தொப்பியும் கோட்டும் மாட்டிக் கப்பலை வரவேற்கப் போனார்கள். சீக்கிரமே அந்தத் தொப்பி மரச் சிற்பத்தின் தலையிலும் ஏறியது. ஹெந்தாவில் தெயுசே கடவுள் கோட்டும் தொப்பியுமாக நின்றார். அவரைச் சுற்றி மூன்று பாய்மரக் கப்பல், தொலைநோக்கி, மேசை, நாற்காலி, பாட்டில். பெருங்கடலைத் தாண்டி வருகிறவர்களிடம் ஏதோ பலம் இருக்கத்தான் வேண்டும். அந்தப் பலத்தை ஈவியின் மேல் ஏவிவிட்டால் என்ன? காய்ச்சலில் தோற்று ஓடியவர்களின் தொப்பியை, காய்ச்சலை விரட்டும் காவல்காரன் போட்டுக்கொண்டான். அந்தக் கோலத்தில்தான் அவனை அடுத்த கப்பல்காரர்கள் பார்த்தார்கள்.

1845-ல் டென்மார்க் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றது. அந்த ஒப்படைப்பை முடிக்க வந்த கலாதியா என்ற போர்க்கப்பல், அப்படியே உலகம் சுற்றக் கிளம்பி, 1846-ன் தொடக்கத்தில் நிக்கோபாரை எட்டியது. விற்காமல் கையில் இருந்த தீவுகளை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்று பார்ப்பதும் அதன் வேலை. கப்பலில் விஞ்ஞானிகள் இருந்தார்கள். மண்ணை ஆராய வந்த ஹின்ரிக் ரிங்க் என்ற இளைஞரைக் காய்ச்சல் படுக்கையில் தள்ளியது. ஊர் திரும்பியவர் அடுத்து ஆராயத் தேர்ந்தெடுத்தது உறைபனி மூடிய கிரீன்லாந்தை. அங்கேதான் அவர் பெரும் புகழ் பெற்றார். தீவுகள் தேறாது என்பது டென்மார்க்குக்குப் புரிந்துவிட்டது. ஆனால் இந்த முறை கப்பல் வெறுங்கையோடு திரும்பவில்லை. தீவுப் பொருட்கள் கோபன்ஹேகனுக்குப் போய்ச் சேர்ந்தன.

பன்னிரண்டு வருடம் கழித்து, 1858 பிப்ரவரியில், சென்னையில் தங்கிவிட்டுப் புறப்பட்ட நோவாரா என்ற ஆஸ்திரியக் கப்பல் நிக்கோபாருக்கு வந்தது. அறிவியல் பயணமாக உலகைச் சுற்றிய அந்தக் கப்பல் ஏறத்தாழ ஒரு மாதம் தீவு தீவாகப் போனது. கார்ல் ஃபான் ஷெர்ட்சர் என்ற அறிஞர் மக்களைப் பற்றிக் குறிப்பெழுதினார். சேகரித்தவை வியன்னாவுக்குப் போயின. அதே 1858-ன் ஜனவரியில்தான் வடக்கே அந்தமானில், ஹென்றி மேன் என்ற கேப்டன் ஆங்கிலேயக் கொடியை ஏற்றியிருந்தார். மார்ச்சில் டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு போர்ட் பிளேரில் இறங்கினார். தண்டனைத் தீவு பிறந்துவிட்டது. நிக்கோபார் மேல் அதன் நிழல் விழ இன்னும் பதினோரு ஆண்டு இருந்தது.

நான்கவுரித் துறைமுகத்துக்குள் போன சில கப்பல்கள் திரும்பி வராமல், மாலுமிகள் கொல்லப்பட்ட செய்தி மட்டும் வந்தது. கேட்பதற்கு ஆள் இல்லாத கடலைப் பொறுக்க முடியாத ஆங்கிலேயர், டென்மார்க் ஒதுங்கியதும் 1869-ல் தீவுகளை எடுத்துக்கொண்டு, கமோர்ட்டாவில் ஒரு கைதிக் குடியிருப்பை அமைத்தார்கள். அங்கே அதிகாரியாக இருந்த டி ரோப்ஸ்டார்ஃப் என்ற டேனிஷ்காரர் நான்கவுரி மொழிக்கு அகராதி எழுதிக்கொண்டிருந்தார். 1883-ல் அவருக்குக் கீழே வேலை பார்த்த ஹவில்தார் ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். அகராதியை மறு வருடம் அவர் மனைவி வெளியிட்டார். அந்தத் தீவுகளின் மேல் ரோப்ஸ்டார்ஃபைப் போலவே தீராத ஆர்வம் கொண்ட இன்னொரு அதிகாரியும் இருந்தார். கொடி ஏற்றிய கேப்டனின் மகன் அவர்.

எட்வர்ட் ஹொரேஸ் மேன் 1869-ல் அந்தமானுக்கு வந்தபோது வயது இருபத்து மூன்று. 1901-ல் ஓய்வு பெறும்வரை அவருடைய பணி அந்தத் தீவுகளில்தான். அந்தமானியர் மொழி, நிக்கோபாரிகளின் மொழி இரண்டையும் கற்றார். ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தார். வில், தோணி, பானை, ஈட்டி, இடுப்புத் துணி என ஒன்றையும் விடாமல் சேகரித்து, ஒவ்வொன்றுக்கும் உள்ளூர்ப் பெயரும் பயனும் எழுதிவைத்தார். லண்டனில் லேன் ஃபாக்ஸ் என்ற படைத் தளபதி அந்தச் சேகரிப்பைப் பார்த்து 1878-ல் ஒரு கட்டுரையே எழுதினார். பின்னாளில் பிட் ரிவர்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட அவர், தன் சேகரிப்பை 1884-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் மேன் பொருட்கள் அனுப்பினார். 1895-ல் நிக்கோபார் பொருட்களுக்கு விளக்கப் பட்டியல் வெளியிட்டபோது, கரெயவும் ஹெந்தாவும் அச்சில் வரிசை எண் பெற்றன.

அப்போது கமோர்ட்டாவில் கைதிகளும் இல்லை, காவலர்களும் இல்லை. பத்தொன்பது வருடம் காட்டை வெட்டி, சதுப்பைத் தூர்த்துப் பார்த்துவிட்டு 1888-லேயே ஆங்கிலேயர் அந்தக் குடியிருப்பை மூடியிருந்தார்கள். அது மூடிய ஒன்பதாம் வருடம், 1897 ஆகஸ்ட் 20 அன்று, செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ டாக்டர் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். எண்பதுகளில் அந்தமானிலும் வேலை பார்த்தவர் அவர். மலேரியாக் கிருமி அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. தரங்கம்பாடிக்காரர்களைக் கொன்றதும், மொராவியரைக் கொன்றதும், ரிங்க்கைக் கிரீன்லாந்துக்குத் துரத்தியதும் கெட்ட காற்று இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று இரவில் வீட்டுக்குள் நுழைந்து ஆளைப் பிடிக்கிறது என்ற மட்டில் மென்லுவானாவின் கட்சிதான் உண்மைக்குப் பக்கத்தில் நின்றது. அவர் சொன்ன ஈவிக்குச் சிறகும் இருந்தது.

காரணம் தெரிந்த பிறகும் சேகரிப்பு ஓயவில்லை. 1901-ல் டெர்ராபின் என்ற பாய்மரக் கப்பலில் அமெரிக்கர் வில்லியம் லூயிஸ் ஆபட்டும் ஆங்கிலேயர் போடன் க்ளாஸும் வந்தார்கள். பறவைகளையும் விலங்குகளையும் சேகரிப்பது முதல் நோக்கம். மனிதர் செய்த பொருட்களும் கூடையில் விழுந்தன. ஆபட் சேர்த்தவை வாஷிங்டனின் ஸ்மித்சோனியனுக்குப் போயின. க்ளாஸ் 1903-ல் புத்தகம் எழுதி, பேய் மிரட்டும் உருவங்களின் படங்களையும் போட்டார். கோபன்ஹேகன், வியன்னா, லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, வாஷிங்டன் என ஐந்து நகரங்களில் கரெயவ் காவல் நின்றான். அவன் பிறந்த வீட்டிலோ அவனுடைய வேலைக்கே ஆபத்து வந்துகொண்டிருந்தது.

அந்த ஆபத்தும் தமிழ் பேசிக்கொண்டுதான் வந்தது. மொராவியர் இரண்டு டஜன் உயிரைக் கொடுத்தும் சாதிக்காததை, வேதப்பன் சாலமன் என்ற தமிழ்க் கிறிஸ்தவர் சத்தமில்லாமல் தொடங்கிவைத்தார். 1890-களின் நடுவில் அரசாங்கப் பிரதிநிதியாகவும் உபதேசியாராகவும் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் குடியேறி, சின்னதாக ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். அங்கே படிக்க வந்த ஒரு சிறுவனைப் பர்மாவுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார்கள். அந்தச் சிறுவன்தான் ஜான் ரிச்சர்ட்சன். திரும்பி வந்து ஆசிரியரானார்; தன் மொழியில் புதிய ஏற்பாட்டைப் பெயர்த்தார்; 1950-ல் பிஷப் ஆனார்; சுதந்திர இந்தியாவின் முதல் மக்களவையில் நியமன உறுப்பினராக உட்கார்ந்தார். இடையில் ஜப்பானியரின் ஆக்கிரமிப்பும் சித்திரவதையும் தீவுகளைக் கலக்கிவிட்டுப் போயின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெருவாரியான நிக்கோபாரிகள் கிறிஸ்தவத்தைத் தழுவினார்கள். மென்லுவானாவின் பாட்டு நான்கவுரி வட்டாரத்துக்குள் ஒடுங்கியது. மருந்தும் ஊசியும் வந்தன. செதுக்கும் கைகள் குறைந்தன.

பழையவையாவது மிஞ்சுமா என்றால், அதற்கும் தீவின் வழக்கமே குறுக்கே நின்றது. நிக்கோபாரில் ஒருவர் இறந்தால் அவர் புழங்கிய பொருட்களை உடைத்துப் புதைகுழியருகே போட்டுவிடுவார்கள். செத்தவரின் உடைமையை இருப்பவர் அனுபவிப்பது தகாது. தாத்தாவின் பெட்டியைப் பேரன் திறந்து பார்க்கும் பேச்சே அங்கே இல்லை. லேசான மரத்தை உப்புக் காற்றும் கரையானும் வேறு தின்றன. நூறு வருடத்துக்கு முந்தைய ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை. இந்த நிலையை மாற்ற ஒரு சிறிய அலுவலகம் போர்ட் பிளேரில் திறந்தது.

1945-ல் தொடங்கப்பட்ட இந்திய மானிடவியல் ஆய்வகம், 1951-ல் அந்த ஊரில் ஒரு கிளை அமைத்தது. ஓங்கே, ஜாரவா, சென்டினலி, கிரேட் அந்தமானி, ஷோம்பென், நிக்கோபாரி என ஆறு பழங்குடிகளும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தார்கள். ஆராயப் போனவர்கள் படகிலும் நடையிலும் தீவுகளைச் சுற்றி, அம்பும் கூடையும் தோணியும் மார்புக் கவசமும் கொண்டுவந்து சேர்த்தார்கள். கிளை அலுவலகத்தில் குவிந்ததை மக்கள் பார்க்கட்டும் என்று 1975-ல் கதவு திறக்கப்பட்டது. அதுதான் இன்று செல்லுலார் சிறைக்குப் போகும் சுற்றுலாக்காரர்கள், போகிற வழியில் அரை மணி நேரம் ஒதுக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரும் மானிடவியல் அருங்காட்சியகம். பழைய மரச்சட்டக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள், நிக்கோபார்ப் பகுதியில், மென்லுவானாவின் சிற்பங்கள் நிற்கின்றன. பலர் அவற்றைப் பொம்மை என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அப்படிக் கடந்துபோவது நியாயமில்லாமல் ஆகிவிட்டது.

அன்று காலை சுமத்ராவுக்கு அருகே கடலடி மண் பிளந்து சுனாமி எழுந்தது. நிக்கோபார் கிராமங்கள் பெரும்பாலும் கடலோரக் கிராமங்கள். பெரிய நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. கச்சாலில் ஊர்கள் துடைக்கப்பட்டன. டிரிங்கட் தீவைக் கடல் அறுத்துப் போட்டது. பிழைத்தவர்கள் அதைவிட்டே போய்விட்டார்கள். அந்தமான் நிக்கோபாரில் மாண்டவர்களும் காணாமல் போனவர்களும் அரசுக் கணக்கிலேயே மூவாயிரத்துக்கு மேல். வீடுகள் போயின, வீட்டோடு வீட்டுக்குள் இருந்ததும் போயிற்று. இங்கேதான் அந்தப் பழைய விதி முழு அர்த்தத்தோடு திரும்பி வந்தது. நோயாளியை எழுப்பிவிட்ட சிற்பம் வீட்டிலேயே இருக்கும், எழுப்பாதது வெளியேறும். அப்படியானால் வெளியூர்க்காரர் கைக்குச் சுலபமாகக் கிடைத்தவை எவையாக இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. மியூசியங்களில் இருப்பவற்றில் கணிசமானவை தோற்ற காவலர்கள். வென்ற காவலர்களைக் கடல் கொண்டுபோனது.

தோல்வி என்று பார்த்தால் அந்த மியூசியங்களில் இருப்பவை எல்லாமே தோல்வியால் கிடைத்தவைதான். தீவுகளைச் சொந்தமாக்க முடியாதவர்கள் தீவின் பொருட்களைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். டென்மார்க்குக்குக் காலனி கிடைக்கவில்லை, கோபன்ஹேகனுக்குச் சேகரிப்பு கிடைத்தது. ஆஸ்திரியாவுக்குத் துறைமுகம் கிடைக்கவில்லை, வியன்னாவுக்கு மரச் சிற்பம் கிடைத்தது. ஆங்கிலேயர் கமோர்ட்டாவை விட்டு ஓடினார்கள், மேனின் பெட்டிகள் லண்டனுக்குப் போயின. இவர்கள் எல்லோரையும் கரையோடு நிறுத்தியது துப்பாக்கி இல்லை, கோட்டை இல்லை. நூற்று முப்பத்திரண்டு வருடம் எந்த வல்லரசையும் நிக்கோபாரில் வேர்விட விடாமல் பார்த்துக்கொண்டது அந்தக் காய்ச்சல்தான். எதை விரட்ட மென்லுவானா இரவெல்லாம் கண்விழித்துப் பாடினாரோ, அந்த ஈவியே அவருடைய தீவுக்குக் காவல் இருந்திருக்கிறது. மரத்தில் செய்த காவல்காரனுக்குத்தான் கடைசியில் கண்ணாடிப் பெட்டியும் பெயர்ப் பலகையும் கிடைத்தன.